பாதி வழியில் நின்ற கணினி



நம் தருமபுரி மாவட்டத்தில் கிணற்று மோட்டாரைக் காணாத பிள்ளைகள் இரார். மேட்டில் வைத்த மோட்டாருக்கு ஒரு குணம் உண்டு. மின்சாரம் வந்திருக்கும், பொத்தானை அழுத்தியதும் சக்கரமும் சுழலும், ஆனால் தண்ணீர் மட்டும் வராது. குழாயினுள் நின்ற நீர் வடிந்து காற்றுப் புகுந்துவிட்டது என்பது அதன் பொருள். உடனே வீட்டார் ஒரு குடம் தண்ணீர் கொணர்ந்து பம்பின் வாயில் ஊற்றுவார்கள். பிறகு நீர் மளமளவென்று ஏறும். தண்ணீரை மேலே கொண்டுவர முதலில் கொஞ்சம் தண்ணீர் வேண்டும். என் சிறு வயதில் இது எனக்குப் பெரிய விந்தையாக இருந்தது.

கணினியின் நிலையும் இதுவேதான். மின்சாரம் நின்றதும் அதன் முதன்மை நினைவகம் வெறுமையாகிவிடுகிறது. மீண்டும் இயங்க வேண்டுமானால் வட்டில் உறங்கும் இயங்குதளத்தை எடுத்து நினைவகத்தில் வைக்க வேண்டும். எடுத்து வைப்பது யார்? அதற்கும் ஒரு நிரல் வேண்டுமே! ஆகவே, மின்சாரம் இல்லாவிடினும் அழியாத ஒரு சில்லில் ஒரு சிறு நிரலைப் பொதிந்து வைத்திருக்கிறார்கள். அதுவே நாம் ஊற்றும் முதற்குடம். ஆங்கிலேயர், ஒருவன் தன் காலணியின் வாரைத் தானே பிடித்துத் தன்னையே மேலே தூக்கிக்கொள்வதாக ஒரு வேடிக்கைப் பேச்சுப் பேசுவர். கணினி தொடங்குவதை ‘பூட்’ என்று அழைப்பது அதிலிருந்து வந்த வழக்காகும்.

இந்தத் தொடக்கம் ஓர் ஓட்டப் பந்தயம் போல்வது. சில்லில் உள்ள நிரல் முதலில் உடலைச் சோதிக்கிறது: நினைவகம் உண்டா, விசைப்பலகை உண்டா, வட்டு உண்டா என்று பார்க்கிறது. 1981ஆம் ஆண்டு ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணினியில் இதற்கு ‘பயாஸ்’ என்று பெயர். இக்காலத்துக் கணினிகளில் அதன் இடத்தை ‘யுஇஎஃப்ஐ’ பிடித்திருக்கிறது. அது தன் கையிலுள்ள கோலை, ஏற்றி என்று சொல்லத்தக்க இன்னொரு சிறு நிரலிடம் தருகிறது. 2011ஆம் ஆண்டு தமிழ்நாட்டு அரசு மாணவர்க்கு வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளைக் கண்டவர்களுக்கு இது நினைவிருக்கலாம். அவற்றில் விண்டோசும், சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்சும் சேர்ந்து இருந்தன. திறந்ததும், எது வேண்டும் என்று ஒரு பட்டியல் தோன்றிக் கேட்டதே, அதுவே ஏற்றி. அது தன் முறையில் இயங்குதளத்தின் உயிர்நாடியாகிய கெர்னலை எடுத்து நினைவகத்தில் வைக்கிறது. கெர்னல், திரை, வட்டு, வலையட்டை என ஒவ்வொரு வன்பொருளையும் எழுப்பி அதற்குரிய டிரைவர் என்னும் நிரலோடு இணைக்கிறது. பின்னர்ப் பணிகள் பல வரிசையாகத் தொடங்கி, இறுதியில் உங்கள் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் திரை தோன்றுகிறது. இவ்வளவும் அரை நிமிடத்தில் முடிந்துவிடுவதால் நாம் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை. நடுவில் ஒருவர் கோலைத் தவறவிடும்போதுதான் எண்ண நேர்கிறது.

எனக்கு அவ்வாறு நேர்ந்தது 2022ஆம் ஆண்டுக் கோடையில். பணி ஓய்வு பெற்றபின் பென்னாகரம் வட்டத்துச் சிற்றூர் ஒன்றில் மாலை நேரப் பயிற்சி மையம் ஒன்றை நடத்த உதவி வந்தேன். பெங்களூர் நிறுவனம் ஒன்று தான் பயன்படுத்திக் கழித்த 10 கணினிகளை எங்களுக்கு அளித்தது. நன்கொடை தந்தவர்கள் பெயர் இங்கே வேண்டா. நல்ல மனத்தோடு தந்தார்கள். வட்டுகள் துடைக்கப்பட்டு வந்தமையால், செலவில்லாத லினக்ஸ் இயங்குதளம் ஒன்றை நண்பர் ஒருவர் நிறுவித் தந்தார். 6 கணினிகள் முறையாக எழுந்தன. 4 எழவில்லை. சின்னம் ஒன்று திரையில் தோன்றும்; அதன்பின் ஒன்றும் நடவாது.

நான்கு கணினிகள் குறைந்தால் என்ன என்று நீங்கள் நினைக்கலாம். எங்களிடம் 20 பிள்ளைகள் படித்தார்கள். கணினி ஒன்றுக்கு இருவர் என்றால் பத்தில் இருபதின்மரும் ஒரே வேளையில் அமர்ந்துவிடுவர். ஆறு மட்டும் எனில் 8 பேர் மிகுவர். அவர்களுக்கு இரண்டாம் வேளை வகுப்பு. இரண்டாம் வேளை முடிவதற்குள் அவ்வூரின் கடைசிப் பேருந்து போய்விடும். நடந்து செல்ல வேண்டிய வழியோ காட்டை ஒட்டியது. அந்த எண்மரில் 5 பேர் பெண்பிள்ளைகள். முதல் வாரம் முடிவதற்குள்ளேயே இரண்டு தந்தையர் வந்து, “இனிமேல் வேண்டாங்க சார், பொழுது போனபின் அனுப்ப முடியாது” என்று சொல்லிவிட்டனர். அவர்கள் சொன்னதில் தவறில்லை. நான் தந்தையாக இருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன்.

பழுது பார்ப்பவர் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் நான்கையும் ஒவ்வொரு முறை திறந்து பார்த்தார். “போர்டு போய்விட்டது சார், உதிரிக்குத்தான் ஆகும், ஒன்றுக்கு 300 ரூபாய் தருகிறேன்” என்றார். நானும் நம்பிவிட்டேன். ‘நான்கும் ஒரே பழுது, விற்கலாம்’ என்று பதிவேட்டில் என் கையாலேயே எழுதி வைத்தேன். மறுநாள் வண்டி கொண்டுவருவதாக ஏற்பாடு.

அன்று மாலை, அந்த ஐவரில் ஒருத்தி, பதினோராம் வகுப்பு முடித்தவள், பதிவேட்டைப் படித்துவிட்டு வந்தாள். அவள் தந்தை பெங்களூருக்குக் கட்டட வேலைக்குச் செல்பவர். “சார், விற்பதற்கு முன் நான் ஒருமுறை பார்க்கட்டுமா?” என்றாள். “பாரம்மா” என்றேன். உண்மையைச் சொல்ல வேண்டுமானால், அவள் ஆசைக்குத் தடை சொல்ல வேண்டாம் என்றுதான் இசைந்தேன். நம்பிக்கை சிறிதும் இல்லை.

அவள் முதலிற் செய்தது, ஒரு தாளில் நான்கு கட்டம் வரைந்ததுதான். ஒவ்வொரு கணினியையும் திறந்து, என்ன தெரிகிறது, எத்தனை நொடிக்குப்பின் நிற்கிறது என்று எழுதினாள். எழுதி முடித்தபோது எனக்கு வெட்கமாகிவிட்டது. மூன்று கணினிகளில் சின்னம் தோன்றுமுன்போ தோன்றிய உடனேயோ திரை முற்றும் இருண்டது. நான்காவதில் திரை இருளவே இல்லை. சின்னம் அப்படியே அசையாமல் நின்றது. ‘நின்றுவிட்டது’ என்ற ஒரே சொல்லால் நாங்கள் இரண்டு வேறு நோய்களைக் குறித்திருந்தோம். வகுப்பறையிலும் நான் இதைச் செய்ததுண்டு. ‘கணக்கு வராது’ என்று ஒரே சொல்லில் தள்ளிய பிள்ளைகளில், வகுத்தல் விளங்காதவன் ஒருவன். கரும்பலகையே கண்ணுக்குத் தெரியாதவன் இன்னொருவன். பின்னவனுக்குக் கண்ணாடி வாங்கித் தந்தபின் அவன் முதல் மதிப்பெண் பெற்றான். அது இருக்கட்டும்.

அடுத்து அவள் விசைப்பலகையில் ‘கேப்ஸ் லாக்’ விசையை அழுத்தினாள். இருண்ட திரைக்கு முன் இதை ஏன் செய்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. அதன் சிறு விளக்கு எரிந்தது. மறுபடி அழுத்த, அணைந்தது. அந்த விளக்கை மாற்றுவது விசைப்பலகை அன்று, கெர்னலே மாற்றுகிறது. விளக்கு மாறினால் உள்ளே உயிர் இருக்கிறது. நமக்கு முகம் காட்ட முடியவில்லை, அவ்வளவே. விளக்கு மாறாவிடில் கெர்னலே உறைந்துவிட்டது என்று ஐயுறலாம். நான்கிலும் விளக்கு மாறிற்று. “போர்டு போய்விட்டது” என்ற தீர்ப்பு அந்த நொடியிலேயே ஆட்டம் கண்டது.

பின்னர் வட்டை மாற்றிப் பார்த்தோம். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, கையில் தேங்கிய நிலைமின்சாரம் நீங்கக் கணினியின் இரும்புக் கூட்டைத் தொட்டபின்னரே உள்ளே கை வைக்க வேண்டும், இதை மறவாதீர்கள். இருளும் கணினி ஒன்றின் வட்டைக் கழற்றி நல்ல கணினியில் பொருத்தினோம், அழகாக எழுந்தது. நல்ல கணினியின் வட்டை இதில் பொருத்தினோம், இருண்டது. ஆகவே வட்டும் பழுதில்லை, அதிலுள்ள இயங்குதளமும் பழுதில்லை. அந்தக் கணினியோ பெங்களூரில் வேறோர் இயங்குதளத்தோடு நேற்று வரை வேலை செய்தது. தனித்தனியே இரண்டும் நலம், சேர்ந்தால் முடக்கம்.

இத்தகைய பொருத்தக்கேடு கணினி வரலாற்றில் புதியதன்று. 1998ஆம் ஆண்டு ஏஎம்டி நிறுவனத்தின் கே6-2 என்னும் செயலி வந்தபோது நிகழ்ந்ததைக் கேளுங்கள். அதன் 350 மெகாஹெர்ட்ஸ் வகையிலும் அதற்கு மேற்பட்டவற்றிலும் விண்டோஸ் 95 சில வேளைகளில் தொடங்கும்போதே பிழை காட்டி நின்றது. இயங்குதளத்தில் பழுதில்லை, பழைய கணினிகளில் நன்றாகவே ஓடியது. செயலியிலும் பழுதில்லை. காரணம் யாது? விண்டோஸ் தொடங்குகையில், செயலியின் விரைவை அளப்பதற்காக ஒரு சிறு சுற்றைப் பல இலட்சம் முறை ஓட்டி, அதற்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று பார்த்து, அந்த நேரத்தால் வகுக்கும். புதிய செயலி அச்சுற்றை மிக விரைவாக ஓடி முடித்துவிட்டதால், அளந்த நேரம் சுழியமாகிவிட்டது. சுழியத்தால் வகுக்கலாகாது என்பது உங்களுக்குத் தெரியும். கணினிக்கும் அது ஆகாது. இவ்வளவு விரைவான பொறி வரும் என்று அந்த நிரலை எழுதியவர் எண்ணவில்லை. பின்னர்த் திருத்த நிரல் வெளியிட்டுச் சரி செய்தனர். கணக்காசிரியனாகிய எனக்கு இந்தக் கதையில் தனிப் பிரியம்.

நம் கணினிகளுக்கு வருவோம். எழுந்த ஆறுக்கும் இருண்ட மூன்றுக்கும் என்ன வேற்றுமை என்று கூட்டைத் திறந்து பார்த்தபோது, மூன்றிலும் திரைக்கென்று தனி அட்டை ஒன்று செருகப்பட்டிருந்தது. ஆறில் அது இல்லை. செயலியே படத்தை வரைந்துகொள்ளும். ஐயம் அட்டையின்மேல் சென்றது. ஐயம் வேறு, சான்று வேறு அன்றோ? சான்றுக்கு அவள் ஏற்றியின் பட்டியலில் நின்றாள். அங்கே ஆங்கில ‘இ’ எழுத்தை அழுத்தினால், கெர்னலுக்கு அனுப்பும் கட்டளை வரியைத் திருத்தலாம். அவ்வரியின் இறுதியில் ‘குவயட்’, ‘ஸ்பிளாஷ்’ என இரு சொற்கள் உண்டு. பேசாமலிரு, அழகான சின்னத்தை மட்டும் காட்டு என்பது அவற்றின் பொருள். அவற்றை நீக்கினால் கெர்னல் தான் செய்யும் ஒவ்வொன்றையும் திரையில் எழுதிக்கொண்டே போகும். இவ்வாறு திருத்துவது அந்த ஒருமுறைக்கே செல்லும். அடுத்த முறை பழைய வரியே வரும். ஆதலால் அஞ்ச வேண்டியதில்லை.

எழுத்துகள் மின்னலாய் ஓடி, திரை இருண்டது. படிக்க யாரால் முடியும்? அவள் தன் தோழியின் கைப்பேசியால் திரையைப் படம் பிடித்து, அதனை மெல்ல ஓட்டி நிறுத்தினாள். கடைசியாகத் தெரிந்த வரிகள் படக்காட்சிப் பகுதி விழித்துக்கொண்டதைக் கூறின. இங்கே ஒரு நுட்பம் உண்டு. கடைசி வரி பெரும்பாலும் குற்றவாளியைக் காட்டாது. கடைசியாக நலமாய் முடிந்த வேலையைக் காட்டும். அதற்கு அடுத்துத் தொடங்கி, முடியாமற் போன வேலையே நாம் தேட வேண்டியது.

அதன்பின் அவளும் ஒரு தவறு செய்தாள். யாரோ எழுதிய அறிவுரையைக் கண்டு, ‘நோமோட்செட்’, ‘ஏசிபிஐ=ஆஃப்’, ‘நோஏபிக்’ என்னும் மூன்று சொற்களையும் ஒருங்கே கட்டளை வரியில் சேர்த்தாள். கணினி எழுந்துவிட்டது! பிள்ளைகள் கைதட்டினார்கள். ஆனால் மாலையில் அணைக்கும்போது இயங்குதளம் மூடிக்கொண்டதேயன்றி மின்சாரம் துண்டிக்கப்படவில்லை. விசிறி சுழன்றுகொண்டே இருந்தது. இங்கேதான் என் பழைய தொழில் சிறிது பயன்பட்டது. “ஏம்மா, மூன்று மாறிகளை ஒரே நேரத்தில் மாற்றினால் விடை எதனால் வந்தது என்று எப்படிச் சொல்வாய்? ஒவ்வொன்றாக எடு” என்றேன். எடுத்தோம். ஏசிபிஐ என்பது மின்சாரத்தை ஆளும் விவரங்களைக் கணினி இயங்குதளத்துக்குச் சொல்லும் ஏற்பாடு. அதனை அணைத்ததால்தான் மின்சாரம் நிற்கவில்லை. அது தேவையே இல்லை. மூன்றாவதும் தேவையில்லை. ‘நோமோட்செட்’ ஒன்றே போதுமாயிருந்தது. திரையின் அளவையும் முறையையும் கெர்னல் தானே அமைக்க வேண்டா, பயாஸ் அமைத்தபடியே இருக்கட்டும் என்பது அச்சொல்லின் பொருள். ஐயம் சான்றாயிற்று.

இருப்பினும் ‘நோமோட்செட்’ ஓர் ஊன்றுகோலே. திரையின் நுண்மை குறைந்தது; அசையும் படங்கள் தடுமாறின. பலர் இவ்வளவில் மனநிறைவு கொண்டு, அச்சொல்லை ஏற்றியின் அமைப்புக் கோப்பில் நிலையாக எழுதிவிடுவர். அவளுக்கு மனம் ஒப்பவில்லை. எழுந்த கணினியில் கெர்னலின் குறிப்பேட்டைத் தேடி, முன்பு இருண்ட முறைகளில் என்ன எழுதப்பட்டது என்று பார்த்தாள். அட்டைக்குரிய ஃபர்ம்வேர் கோப்பு ஒன்று கிடைக்கவில்லை என்று ஒரு வரி இருந்தது.

அது யாது? படவட்டையிலும் ஒரு சிறு செயலி உண்டு. ஒவ்வொரு முறை மின்சாரம் வரும்போதும், அந்தச் சிறு செயலிக்கும் அதற்குரிய கட்டளைக் கோப்பைக் கெர்னல் ஊட்டியாக வேண்டும். பம்புக்குள் இன்னொரு பம்பு. அதற்கும் ஒரு செம்பு தண்ணீர் என்று கொள்ளுங்கள். அந்தச் செம்பு இல்லாததால்தான் படம் இருண்டது. விடுபட்டதற்கும் ஒரு காரணம் உண்டு. இத்தகைய கோப்புகளை வன்பொருள் நிறுவனங்கள் மூலநிரல் இன்றி, திறக்கக் கூடாத பொட்டலமாகவே தருகின்றன. பிறர் படிக்கவும் திருத்தவும் ஆகாத எதையும் தம் இயங்குதளத்தோடு சேர்ப்பதில்லை என்பது கட்டற்ற மென்பொருளாரின் கொள்கை. டெபியன் என்னும் புகழ்பெற்ற லினக்ஸ் வகை நெடுங்காலம் இக்கோப்புகளைத் தனியே ஒதுக்கி வைத்திருந்தது. 2022ஆம் ஆண்டு அதன் உறுப்பினர்கள் வாக்கெடுத்து, நிறுவும் வட்டிலேயே அவற்றைச் சேர்க்க இசைந்தனர். 2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் வந்த 12ஆம் பதிப்பு முதல் அவ்வாறே வருகிறது. கொள்கையைத் தளர்த்தினார்களே என்று வருந்துவோரும் உண்டு. அவர்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆயினும் இருண்ட திரைக்கு முன் உட்கார்ந்த ஒரு பிள்ளையிடம் அந்தக் கொள்கையை எப்படி விளக்குவது என்பதும் எனக்குத் தெரியவில்லை.

கைப்பேசியின் வழியே இணையம் பெற்று, உரிய பொதியை இறக்கி மூன்றிலும் நிறுவினோம். ஊன்றுகோலை எடுத்துவிட்டுத் தொடங்கினோம். மூன்றும் முழு நுண்மையோடு எழுந்தன. காலையில் பழைய பொருள் வண்டிக்காரர் வந்தபோது, அவருக்குத் தேநீர் மட்டும் கொடுத்து அனுப்பினேன்.

எஞ்சியது நான்காவது. அதில் தனி அட்டை இல்லை. ஆகவே மேற்கண்ட மருந்து எதுவும் அதற்குப் பொருந்தாது. ‘குவயட்’, ‘ஸ்பிளாஷ்’ என்ற சொற்களை நீக்கித் தொடங்கியதும், திரையில் எழுத்துகள் ஓடி ஓரிடத்தில் நின்றன. அங்கே, குறிப்பிட்ட ஒரு வட்டுப் பகுதிக்காகக் காத்திருக்கிறேன் என்று ஒரு வரி. அதன் அருகில் நொடிகள் ஒவ்வொன்றாக ஏறின. எல்லை 1 நிமிடம் 30 நொடி என்றும் எழுதியிருந்தது. நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்திருந்தோம். தொண்ணூறாம் நொடியில், கிடைக்கவில்லை என்று அறிவித்துவிட்டு அது மேலே சென்றது. கடவுச்சொல் கேட்கும் திரை வந்தது!

அந்தக் கணினி ஒருநாளும் முடங்கியதே இல்லை. இயங்குதளம் நிறுவியபோது அதில் இரண்டு வட்டுகள் இருந்தன. நினைவகத்துக்குத் துணையான இடமாற்றுப் பகுதி இரண்டாம் வட்டில் அமைந்துவிட்டது. பின்னர் யாரோ அவ்வட்டைக் கழற்றி வேறிடத்தில் பயன்படுத்திக்கொண்டனர். பணிகளைத் தொடங்கி வைக்கும் சிஸ்டம்டி என்னும் நிரல், வராத வட்டுக்காக ஒவ்வொரு நாளும் 90 நொடி வாயிலில் காத்து நின்றது. அழகான சின்னம் அந்த அறிவிப்பை மறைத்துவிட்டது. பழுது பார்ப்பவரும் நானும் ஒரு நிமிடம்கூடப் பொறாமல் பொத்தானை அழுத்தி அணைத்துவிட்டோம். அவள் ஒரு கோப்பில் இருந்த ஒரு வரியின் முன்னே ஒரு குறியிட்டு அதனைச் செயலறச் செய்தாள். வேலை அவ்வளவே.

பதிவேட்டில் நான் எழுதிய வரியை அடித்துவிட்டு, அதன் கீழே அவளையே எழுதச் சொன்னேன். ‘மூன்றில் ஃபர்ம்வேர் இல்லை, நிறுவப்பட்டது, ஒன்றில் இல்லாத வட்டுக்குக் காத்திருப்பு, நீக்கப்பட்டது’ என்று தேதியிட்டு எழுதினாள். அடுத்த திங்கட்கிழமை இருபது பிள்ளைகளும் ஒரே வேளையில் அமர்ந்தனர். வர மறுத்த அந்த இரண்டு தந்தையரில் ஒருவர், வகுப்பு எத்தனை மணிக்கு முடிகிறது என்று தாமே பார்ப்பதற்காகப் பேருந்து நிறுத்தத்தில் வந்து நின்றிருந்தார். பேருந்து வர இன்னும் பத்து நிமிடம் இருந்தது.